ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ரத்தப் பரிசோதனை: எண்கள் சொல்வதும் சொல்லாததும்

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்ந்தவருடைய கோப்பு நாலைந்து நாளில் தடித்துவிடும். அதில் இருக்கும் ஸ்கேன் அறிக்கையை வீட்டார் பெரும்பாலும் படிப்பதில்லை. டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளை அப்படி விடமாட்டார்கள். எண் இருக்கிறது, பக்கத்திலேயே இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவும் இருக்கிறது, தாண்டியிருந்தால் தடித்த எழுத்து வேறு. யாருக்கும் புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். "சி.ஆர்.பி. 48 இருந்தது, இப்ப 12-க்கு வந்துடுச்சு, இனி அப்பா எழுந்து நடந்துடுவார்" என்பார் ஒரு மகன் (சி.ஆர்.பி. என்பது உடம்பில் தொற்றோ சேதமோ இருந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்). அடுத்த கட்டிலில், "எல்லாம் நார்மல்னு ரிப்போர்ட் வந்துடுச்சு, அப்புறம் ஏன் கை இன்னும் வரல?" என்பார் ஒரு மனைவி.

இரண்டுமே நியாயமான ஆசையிலிருந்து வரும் பேச்சு. ஆனால் அவர்கள் தேடும் பதில் அந்தத் தாளில் இல்லை. இதற்கு நடுவே "ஒரு சொட்டு ரத்தம் போதும், பக்கவாதம் வந்தவர் தேறுவாரா என்று சொல்லிவிடலாம்" என்கிற மாதிரிச் செய்திகளும் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. ஸ்ட்ரோக்குக்குப் பின் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகள் தேவையானவைதான். அடுத்த ஆபத்தைத் தடுக்க அவை உதவுகின்றன. 'எவ்வளவு குணமாகும்' என்பதை மட்டும் அவற்றிடம் கேட்டால் கிடைப்பது அரைகுறைப் பதில். ஏன் அப்படி என்பதைப் பார்ப்போம்.

குழாய் அடைத்த பின் மூளைக்குள் நடப்பது

ஸ்ட்ரோக் இரண்டு வகையில் வரும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று, குழாய் வெடித்து ரத்தம் கசிவது இன்னொன்று. அடைப்பால் வருவதற்கு இஸ்கீமிக் ஸ்ட்ரோக் என்று பெயர். அதிகம் பேருக்கு வருவது இதுதான். இந்தக் கட்டுரையும் இதைப் பற்றித்தான்.

மூளை நம் உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதம் அதற்கே போகிறது. கையிருப்பு என்று எதுவும் கிடையாது. சாதாரணமாக 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி ரத்தம் வரவேண்டும். அது 20 மில்லிக்குக் கீழே இறங்கினால் நரம்புச் செல்கள் உயிரோடு இருக்கும், ஆனால் வேலையை நிறுத்திவிடும். 10 மில்லி அளவுக்கு இறங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே சாகத் தொடங்கும்.

ஆகவே அடைப்பு வந்த இடத்தில் இரண்டு பகுதிகள் உருவாகின்றன. நடுவில் சீக்கிரமே செத்துப்போகும் பகுதி. அதைச் சுற்றி, பக்கத்துக் குழாய்கள் வழியாக வரும் கொஞ்சநஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் பகுதி. இந்தச் சுற்றுப் பகுதிக்குப் பெனம்பிரா என்று பெயர். ஸ்ட்ரோக் வந்தவுடன் ஓடு ஓடு என்று எல்லோரும் விரட்டுவது இதைக் காப்பாற்றத்தான். பெரிய குழாய் ஒன்று அடைத்து, சிகிச்சையும் இல்லாமல் போனால், நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்புச் செல்கள் சாகின்றன என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்குப் போட்டுக் காட்டினார். குழாயை அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம் வரைதான் அவகாசம். குழாய்க்குள் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையை, ஸ்கேனில் பெனம்பிரா மிச்சமிருப்பது தெரிந்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது.

இந்த அவசரத்தில் ரத்தப் பரிசோதனையின் பங்கு எவ்வளவு தெரியுமா? கரைக்கும் ஊசி போடுவதற்கு முன் எல்லோருக்கும் கட்டாயமாகப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை. சர்க்கரை மிகவும் இறங்கினாலும் வாய் குழறி, ஒரு பக்கம் வலுவிழந்து, ஸ்ட்ரோக் மாதிரியே தெரியும் என்பதால் அது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் உறைதல் பரிசோதனைக்காகக் காத்திருப்பார்கள். மற்றபடி முடிவெடுக்க வைப்பது சி.டி. ஸ்கேன்.

அப்புறம் 'குணமாவது' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. முதல் சில நாட்களில் பெனம்பிரா விழித்துக்கொள்கிறது, மூளை வீக்கம் வற்றுகிறது. அடுத்த வாரங்களிலும் மாதங்களிலும் மிச்சமிருக்கும் நரம்புகள் புது இணைப்புகள் போட்டுக்கொண்டு, செத்த பகுதியின் வேலையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்கின்றன. கடைசியாக, ஆள் வேறு வழி பழகிக்கொள்கிறார்: இடது கையால் சாப்பிடுவது, கம்பியைப் பிடித்துப் படியேறுவது.

சுருக்கமாக: அடைப்பு வந்த இடத்தில் ஒரு பகுதி சாகிறது, ஒரு பகுதி காத்திருக்கிறது. குணம் என்பது காத்திருந்ததைக் காப்பாற்றுவது, மிச்சமிருப்பதைப் பழக்குவது. இதில் ரத்தத்துக்கு என்ன தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வி.

முக்கொம்பில் நின்று குடகைப் பார்ப்பது

ஆடி மாதத்தில் திருச்சி முக்கொம்பில் நின்று காவிரியைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் செம்மண் கலங்கலாக வருகிறது. மேலே எங்கோ நல்ல மழை, மண் அரித்திருக்கிறது என்று குடகுக்குப் போகாமலே சொல்லிவிடலாம். உடம்புக்குள் நடந்ததை இப்படி ரத்தத்தில் காட்டிக்கொடுக்கும் பொருளுக்குப் பயோமார்க்கர் என்று பெயர். இனிமேல் குறிப்பான் என்கிறேன்.

ஆனால் முக்கொம்பில் நின்றுகொண்டு எவ்வளவு சொல்ல முடியும்? நடுவே மேட்டூர் அணை இருக்கிறது. குடகில் பெய்தது அதில் தேங்கி, திறந்துவிட்ட பிறகுதான் வரும். இன்றைய கலங்கல் இன்றைய மழையால் வந்ததில்லை. பவானியும் நொய்யலும் அமராவதியும் வழியில் வந்து சேர்கின்றன. கலங்கல் அவற்றிலிருந்தும் வந்திருக்கலாம். இன்னொன்று, எந்தச் சரிவு அரித்தது என்பது தண்ணீரில் எழுதியிருக்காது. வெறும் தரிசு அரித்திருந்தாலும் ஊர் பக்கம் மலை சரிந்திருந்தாலும் நிறம் ஒன்றுதான். கடைசியாக, முக்கொம்பில் தண்ணீரை வடிகட்டித் தெளிய வைத்தால் குடகில் போன மண் திரும்பிவிடாது.

ரத்தத்திலும் இதே நாலு தொல்லைகள். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே மேட்டூர் மாதிரி ஒரு தடுப்பு இருக்கிறது. மூளையின் நுண்குழாய்ச் சுவர்கள் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு கண்டதையும் உள்ளே, வெளியே விடாமல் காப்பதைத்தான் ரத்த-மூளைத் தடுப்பு என்கிறார்கள். அதைத் தாண்டி ஒரு பொருள் வெளியே வர நேரம் பிடிக்கும். கல்லீரல், இதயம், நுரையீரல், தசை எல்லாம் அதே ரத்தத்தில்தான் தங்கள் சரக்கையும் கலக்கின்றன. பாதித்த இடம் எது என்பது ரத்தத்தில் தெரியாது. எண்ணைக் குறைப்பதும் ஆளைக் குணமாக்குவதும் ஒன்றல்ல. மீதிக் கட்டுரை இந்த நாலையும் ஒட்டித்தான்.

மூளையிலிருந்தே கசிந்து வருபவை

நரம்புச் செல்லிலிருந்து ஒரு நீண்ட வால் மாதிரிக் கிளம்பும் இழைக்கு ஆக்ஸான் என்று பெயர். மூளை மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி வரை ஓடுகிற ஆக்ஸான்களில் அரை மீட்டருக்கு மேல் நீளமுள்ளவையும் உண்டு. இவ்வளவு நீள இழை மடங்காமல் நிற்க உள்ளே புரத நார்கள் சட்டம்போல நிற்கின்றன. அந்த நாரின் ஒரு துண்டுதான் நியூரோஃபிலமென்ட் லைட். ஆக்ஸான் அறுந்தால் இது மெல்ல மெல்ல மூளை நீருக்கும், அங்கிருந்து ரத்தத்துக்கும் வருகிறது. வரும் அளவு பிகோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துணுக்குக் கணக்கில். முன்பு முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரில்தான் இதை அளக்க முடிந்தது. ரத்தத்திலேயே இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் கருவிகள் வந்தது அண்மையில்தான். பக்கவாத ஆராய்ச்சியில் இதற்கு இவ்வளவு மவுசு வந்ததும் அதனால்தான்.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். ஸ்ட்ரோக் வந்த அன்று இது அவ்வளவாக ஏறியிருக்காது. நாள் போகப் போக ஏறி, இரண்டு மூன்று வாரத்தில் உச்சத்துக்குப் போய், மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். ஆகவே இரண்டாம் நாள் எடுத்த எண்ணையும் இருபதாம் நாள் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "கூடிடுச்சே, மோசமாகுதா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. வயது ஏற ஏறவும் இது தானாகவே கூடும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டாலும் கூடும். மொத்தத்தில் அதிகமாக ஏறியவர்களுக்கு மூளைச் சேதம் அதிகம், மூன்று மாதத்தில் முன்னேற்றம் குறைவு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். ஆனாலும் இது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துச் சரக்குதான். ஸ்ட்ரோக் நோயாளிக்கு அன்றாடம் எழுதிக்கொடுக்கும் பரிசோதனை இல்லை.

ஜி.எஃப்.ஏ.பி. என்று இன்னொன்று. நரம்புச் செல்லுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்லின் புரதம் இது. ரத்தக்கசிவு ஸ்ட்ரோக்கில் செல்கள் சட்டென்று கிழிவதால் முதல் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் எகிறிவிடும். அடைப்பு ஸ்ட்ரோக்கில் செல்கள் மெதுவாகச் சாவதால் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சம். இந்த வித்தியாசத்தை வைத்து ஆம்புலன்சிலேயே 'அடைப்பா, கசிவா' என்று கண்டுபிடிக்க முடியுமா என்று முயன்றுகொண்டிருக்கிறார்கள். செய்திகளில் வரும் 'ஒரு சொட்டு ரத்தம்' பெரும்பாலும் இந்த மாதிரி முயற்சிதான். அது வகையைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை. தேறுவாரா என்று சொல்லும் பரிசோதனை இல்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். எஸ்100பி என்பதும் ஆஸ்ட்ரோசைட்டிலிருந்து வருவதுதான், ஆனால் கொழுப்புச் செல்லிலும் உண்டு, மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் ஏறும். என்.எஸ்.இ. என்ற நொதியின் முழுப்பெயரில் 'நியூரானுக்கே உரியது' என்று இருக்கும், நம்பிவிடாதீர்கள். ரத்தச் சிவப்பணுவுக்குள்ளும் அது இருக்கிறது. ரத்தக்குழாய் சரியாகக் கிடைக்காமல் இழுத்துப் பிடித்து ரத்தம் எடுத்தால் சிவப்பணு உடைந்து சீரம் இளஞ்சிவப்பாகிவிடும், எண்ணும் பொய்யாக ஏறிவிடும். உடற்பயிற்சி வீடியோக்களில் புகழப்படும் பி.டி.என்.எஃப்., நரம்பு வளர உதவும் புரதம். மூளைக்குள் அதன் வேலை பெரியது, சந்தேகமில்லை. ஆனால் ரத்தத்தில் அளக்கும்போது அதில் பெரும்பங்கு ரத்தத் தட்டணுக்கள் சேர்த்து வைத்திருந்தது. மூளை எவ்வளவு பழகிக்கொள்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

உடம்பு காட்டும் பதில்: சி.ஆர்.பி. கதை

நம் ஊரில் வீட்டார் அதிகம் கவலைப்படுவது சி.ஆர்.பி.க்குத்தான். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம் இது. மூளைக்கும் இதற்கும் நேரடி உறவு இல்லை; இதைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்கு திசு செத்தாலும், எங்கு கிருமி புகுந்தாலும் அங்கிருந்து போகும் ரசாயனச் செய்தியைக் கேட்டுக் கல்லீரல் இதை ஊற்றத் தொடங்கும். சில மணி நேரத்தில் ஏறி, இரண்டு நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். தூண்டுதல் நின்றுவிட்டால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும்.

இதை வைத்து அந்த மகனின் கணக்கைப் பாருங்கள். 48-லிருந்து 12 என்பது இரண்டு முறை பாதியாவது. தூண்டுதல் நின்று ஒன்றரை நாள் ஆனாலே அவ்வளவு இறங்கிவிடும். நல்ல செய்திதான், புதிதாகக் கிருமி எதுவும் இல்லை என்று டாக்டர் நிம்மதியாகலாம். ஆனால் கையை அசைக்கும் நரம்புப் பாதை இருக்கிறதா, போய்விட்டதா என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு சங்கதி: சில லேப்கள் சி.ஆர்.பி.யை லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தரும், சில டெசிலிட்டருக்கு. முதலாவதில் 12 என்பது இரண்டாவதில் 1.2. லேப் மாறினால் எண்ணுக்கு முன் அலகைப் பாருங்கள்.

சி.ஆர்.பி. உண்மையில் உதவுவது வேறு இடத்தில். ஸ்ட்ரோக் வந்து நாலாம் நாள், இறங்கிக்கொண்டிருந்த எண் திரும்ப ஏறுகிறது என்றால், மருத்துவர் முதலில் நெஞ்சைத்தான் பார்ப்பார். ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கும்; வாயில் ஊற்றிய கஞ்சி உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குப் போய் நிமோனியா வரும். பெரிய ஸ்ட்ரோக்குக்குப் பின் சில நாட்கள் நோய் எதிர்ப்பும் தாழ்ந்திருக்கும். சாதாரண ரத்த எண்ணிக்கைப் பரிசோதனையிலேயே அது தெரியும்: வெள்ளையணுக்களில் நியூட்ரோபில் ஏறியிருக்கும், லிம்போசைட் இறங்கியிருக்கும். இந்த இரண்டின் விகிதம் கூடியவர்கள் சுமாராகவே தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம் மூளைச் சேதம் பெரியதாக இருப்பதா, தொற்று வருவதா, இரண்டுமா என்று பிரிப்பதுதான் கடினம்.

சரி, தொற்றுதான் பிரச்சினை என்றால் எல்லோருக்கும் முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால் என்ன? நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் இரண்டு பெரிய ஆய்வுகளில் இதைச் செய்து பார்த்தார்கள். 2015-ல் முடிவுகள் வந்தன. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தேறியதில் வித்தியாசம் இல்லை. இதற்கு நேர்மாறாக, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 19 ஸ்ட்ரோக் பிரிவுகளில் 2011-ல் முடிவு வெளியான ஓர் ஆய்வு செய்ததெல்லாம் செவிலியர்களுக்கு ஒரு நடைமுறை கொடுத்ததுதான்: காய்ச்சலைப் பார், சர்க்கரையைப் பார், விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் வாயில் எதுவும் கொடுக்காதே. மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து அந்தப் பிரிவுகளில் 42 சதவீதம், மற்றவற்றில் 58 சதவீதம். எந்த விலையுயர்ந்த குறிப்பானும் இதில் இல்லை. ஆஸ்பத்திரியில் உடன் இருப்பவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும் என்பேன்: விழுங்குவதைச் சோதிக்காத வரை, பாவமாக இருக்கிறதே என்று ஒரு வாய் காபி ஊற்றாதீர்கள்.

இதுவரை: மூளையிலிருந்து வரும் குறிப்பான்கள் சேதத்தின் அளவைக் காட்டுகின்றன, தாமதமாக. சி.ஆர்.பி., வெள்ளையணு போன்றவை உடம்பின் எதிர்வினையைக் காட்டுகின்றன, தொற்றைப் பிடிக்க உதவுகின்றன. இரண்டும் பாதித்த இடத்தைச் சொல்வதில்லை.

அடுத்த ஸ்ட்ரோக்கைப் பற்றிய எண்கள்

கோப்பில் இருக்கும் தாள்களில் பாதி, நடந்துபோன ஸ்ட்ரோக்கைப் பற்றியதே அல்ல; ஏன் வந்தது, இனி வராமல் எப்படித் தடுப்பது என்பதற்கானது. கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல்., மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்.பி.ஏ.1சி., ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம், உறைந்த ரத்தம் கரையும்போது மிஞ்சும் டி-டைமர் எல்லாம் இந்த வகை.

எல்.டி.எல். இதில் நல்ல பிள்ளை. பிரான்சிலும் தென்கொரியாவிலும் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், எல்.டி.எல்.லை 70-க்குக் கீழே இறக்கியவர்களில் 8.5 சதவீதம் பேருக்கும், 90-க்கும் 110-க்கும் நடுவே வைத்தவர்களில் 10.9 சதவீதம் பேருக்கும் அடுத்த ஸ்ட்ரோக், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகள் வந்தன. ஆக, இந்த எண்ணை இறக்கினால் பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் அடுத்ததைத் தடுப்பதில். வராத கையை எல்.டி.எல். கொண்டுவராது. மாத்திரை சாப்பிட்டும் கை வரவில்லை என்று மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சர்க்கரையில் ஒரு நுணுக்கம். சேர்த்த அன்று 210 என்று இருக்கும், வீட்டார் "இவருக்குச் சுகரே கிடையாதே" என்று திகைப்பார்கள். பெரிய அதிர்ச்சி வந்தால் உடம்பு சுரக்கும் ஹார்மோன்களே சர்க்கரையை ஏற்றிவிடும். எச்.பி.ஏ.1சி. 5.6 என்று வந்தால் அந்த 210 அன்றைய அதிர்ச்சியின் கணக்கு, 6.5-ஐத் தாண்டியிருந்தால் தெரியாமலே பழைய நீரிழிவு இருந்திருக்கிறது.

எண்ணை இறக்கினால் ஆள் எழுந்துவிடுவாரா?

பெரும்பாலான குழப்பத்துக்கும் வேர் இந்தக் கேள்விதான். ஸ்ட்ரோக் வந்தபோது சர்க்கரை ஏறியிருந்தவர்கள் குறைவாகத் தேறுகிறார்கள் என்பது பழைய, உறுதியான தகவல். அப்படியானால் சர்க்கரையை இன்சுலின் போட்டு இறுக்கிப் பிடித்தால் நன்றாகத் தேறவேண்டும் அல்லவா? அமெரிக்காவில் ஷைன் என்ற ஆய்வில் 1,151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு 80-லிருந்து 130-க்குள் இறுக்கம். மறு பாதிக்கு 180-க்குள் இருந்தால் போதும். 2019-ல் முடிவு: நன்றாகத் தேறியவர்கள் 20.5 சதவீதம், 21.6 சதவீதம். வித்தியாசமே இல்லை. ஆனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோனது இறுக்கிப் பிடித்த குழுவில் மட்டும்.

இதே கதைதான் ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்துக்கும். ரத்தத்தில் ஆல்புமின் குறைந்தவர்கள் குறைவாகத் தேறுகிறார்கள்; சரி, ஆல்புமினை ஏற்றிப் பார்ப்போம் என்று ஏலியாஸ் என்ற ஆய்வில் ஏற்றினார்கள். பலன் இல்லை, நுரையீரலில் நீர் கோத்ததுதான் மிச்சம். ஹோமோசிஸ்டீன் இன்னும் கொஞ்சம் சிக்கல். 3,680 பேரிடம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில் வைட்டமின்கள் கொடுத்து அந்த எண்ணை இறக்கினார்கள். எண் இறங்கியது, அடுத்த ஸ்ட்ரோக் குறையவில்லை. ஆனால் 2015-ல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் கொடுத்தபோது முதல் ஸ்ட்ரோக் குறைந்தது. உணவில் ஃபோலிக் அமிலம் சேர்க்காத நாடு அது. குறையுள்ளவருக்குக் கொடுத்தால் பலன் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். சைவ உணவுக்காரர்களிடம் பி12 குறைவாக இருந்தால் அதை நரம்புக்காகவே சரிசெய்ய வேண்டும், அது தனி.

முக்கொம்பில் வடிகட்டுவது என்று சொன்னேனே, அதுதான் இது. சர்க்கரை ஏறியதால் மூளை கெட்டதா, மூளை பெரிதாகக் கெட்டதால் சர்க்கரை ஏறியதா? இரண்டும் ஒன்றாக வருவதை வைத்து எது எதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். மாற்றிப் பார்த்ததில் எல்.டி.எல். தேறியது, மற்ற பல தேறவில்லை.

கூட்டத்துக்குப் பொருந்துவது ஒருவருக்கு?

'இந்தக் குறிப்பான் அதிகமாக இருந்தவர்கள் குறைவாகத் தேறினார்கள்' என்ற வாக்கியம் ஆயிரம் பேரின் சராசரியைப் பற்றியது. தேறியவர்களின் எண்களையும் தேறாதவர்களின் எண்களையும் தனித்தனியே அடுக்கிப் பார்த்தால் இரண்டும் பெருமளவு ஒன்றன்மேல் ஒன்று விழும். நடுவில் விழும் ஒரு தனி ஆளைப் பற்றி எண் எதுவும் சொல்லாது. பெரும்பாலான ஆட்கள் நடுவில்தான் விழுகிறார்கள். இன்னொரு சோதனையும் உண்டு. வயதையும், ஸ்ட்ரோக் எவ்வளவு கடுமை என்று கட்டிலருகே போடும் மதிப்பெண்ணையும் வைத்தே மருத்துவர் ஓரளவு கணித்துவிடுவார். புதுக் குறிப்பான் அதற்கு மேல் என்ன சேர்க்கிறது? கோபெப்டின் என்ற ஹார்மோன் துணுக்கு கொஞ்சம் சேர்க்கிறது என்று கோரிஸ்க் என்ற ஐரோப்பிய ஆய்வு காட்டியது. மற்றவை பல, சேர்த்தாலும் சொற்பம்தான் சேர்க்கின்றன.

இடம் தெரியாது என்ற குறையும் இங்கே வந்து நிற்கிறது. கையை அசைக்கும் நரம்புப் பாதை மூளையின் ஆழத்தில் ஒடுங்கிப் போகும் இடத்தில் ஒரு கடலை அளவு செத்தாலும் கை முழுதும் போய்விடும். ரத்தத்தில் குறிப்பான் அவ்வளவாக ஏறியிருக்காது. வேறிடத்தில் எலுமிச்சை அளவு செத்து, குறிப்பான் எகிறினாலும் ஆள் இரண்டு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போகலாம்.

விரலை நீட்டச் சொல்லிப் பாருங்கள்

அப்படியானால் கை வருமா என்று எதை வைத்துத்தான் சொல்வது? நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வின் விடை மிக எளிது. ஸ்ட்ரோக் வந்து 72 மணி நேரத்துக்குள் இரண்டு அசைவுகளைப் பார்த்தார்கள்: தோளிலிருந்து கையைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா, மடங்கிய விரல்களை நீட்ட முடிகிறதா. கொஞ்சமாவது இரண்டும் முடிந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் கையால் ஓரளவு வேலை செய்யும் வாய்ப்பு 98 சதவீதம். முடியாதவர்களுக்கு 25 சதவீதம். செலவு ஒரு பைசா இல்லை. விரல் நீட்டுவது மூளையிலிருந்து கைக்கு வரும் அந்த ஒரு பாதையை நம்பியே நடப்பது என்பதால், கொஞ்சம் அசைந்தாலும் பாதை முழுதாக அறுபடவில்லை என்று அர்த்தம்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இதையே மதிப்பெண்ணாக்கினார்கள். தோளுக்கு 5, விரலுக்கு 5, மொத்தம் 10. மூன்றாம் நாள் 5-ஓ அதற்கு மேலோ, வயதும் 80-க்குக் கீழே என்றால் மூன்று மாதத்தில் கை மிக நன்றாக வரும் வாய்ப்பு அதிகம். 5-க்குக் கீழே இருந்தால் தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்துக் கைத்தசை துடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். கவனியுங்கள், இந்தக் கணிப்பில் ரத்தப் பரிசோதனை எங்குமே இல்லை. 25 சதவீதம் என்பதையும் 'வராது' என்று படித்துவிடாதீர்கள். நாலில் ஒருவருக்கு வந்திருக்கிறது.

கோப்பு கையில் இருக்கும்போது

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்து தெரிந்தால் டாக்டரிடம் "இது ஏன் கூடியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். இது எங்கிருந்து வரும் பொருள், ஸ்ட்ரோக் வந்த எத்தனையாவது நாள் எடுத்தது, இதை மாற்றினால் அப்பாவுக்கு என்ன மாறும் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு 'அடுத்த ஸ்ட்ரோக் வராமல் தடுக்கும்' என்றோ 'தொற்றைக் கண்டுபிடிக்க' என்றோ பதில் வந்தால் அந்தப் பரிசோதனைக்கு வேலை இருக்கிறது. 'கை வருமா' என்ற கேள்வியை பிசியோதெரபிஸ்ட்டிடம், அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்.டி.எல்.லும் எச்.பி.ஏ.1சி.யும் டாக்டர் சொன்ன கெடுவில் திரும்பப் பார்க்க வேண்டியவை. ரத்த அழுத்தத்தை அதைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். அதற்கு ஊசியே தேவையில்லை. காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாமல், மூளை ஆறுகிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மாதாமாதம் சி.ஆர்.பி. எடுப்பது வீண். அந்தப் பணத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி கிடைக்கும். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் காட்டிப் பெயர் கொடுத்து வைக்கலாம்.